அடிச்சேறு பிடித்து வைப்பதும் விடுவதும்

ஒரு கழிமுகத்தில் மாசு எவ்வளவு என்று கேட்டால் முதலில் எடுப்பது தண்ணீரைத்தான். படகிலிருந்து குப்பியை இறக்கி, நிரப்பி, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சில நாளில் தாள் வந்துவிடும்: காட்மியம் வரம்புக்குள், ஈயம் வரம்புக்குள், பாதரசம் கண்டறியப்படவில்லை. தாளில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் காலை ஏற்றத்தில் உள்ளே வந்தது. சாயங்கால வற்றத்தில் வெளியே போய்விடும். மாசின் பெரும்பங்கு அதில் இருப்பதே இல்லை. குப்பி கட்டிய கயிற்றை இன்னும் இரண்டு மீட்டர் விட்டிருந்தால் அது எதில் போய்ப் பதிந்திருக்குமோ, அங்கே இருக்கிறது.

ஈயமும் காட்மியமும் செம்பும் பாதரசமும் தண்ணீரில் தனியாகக் கரைந்து அலைவது குறைவு. கையில் அகப்பட்ட துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆறு கொண்டுவரும் களிமண் இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு கிராம் நுண்களிமண்ணின் துகள்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால் பல பத்துச் சதுர மீட்டர் தேறும். அதன்மேல் இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலம், மக்கிய தழையின் கரிமப் பூச்சு. உலோக அயனிகள் உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஆற்று நீரில் இந்தத் துகள்கள் எல்லாவற்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதந்து வரும். கடல் உப்பு கலந்ததும் அந்தத் தள்ளல் தளர்ந்துவிடுகிறது. துகள்கள் திரண்டு, கனத்து, அடியில் இறங்குகின்றன. முகத்துவாரங்களில் இவ்வளவு சேறு இருப்பதற்கு இதுதான் காரணம். 'கடல் பெரிசு, எல்லாத்தையும் கொண்டுபோயிடும்' என்ற நம்பிக்கையில்தான் உலகெங்கும் ஆலைகள் ஆற்று வாயில் குழாய் போட்டன. கொண்டுபோவதற்கு முன்பே வாசலில் இறக்கி வைத்துவிடுவது கடலின் வழக்கம் என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் நீரில் லிட்டருக்கு மைக்ரோகிராம், அதற்கும் கீழே என்று பேசும் உலோகத்தைச் சேற்றில் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் பேச வேண்டியிருக்கிறது.

இறங்கியது இறங்கியபடியே கிடந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இல்லை. புதைந்தது புதைந்ததுதான் என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். அப்படிக் கிடப்பதில்லை. அடிச்சேறு சிலவற்றைப் பிடித்து வைக்கிறது, சிலவற்றை விடுகிறது. எதைப் பிடிப்பது, எப்போது விடுவது என்பதை ஆக்சிஜன் தீர்மானிக்கிறது. உரச்சத்துக்கு ஒரு நியாயம், உலோகத்துக்கு நேர் எதிரான நியாயம். இரண்டும் ஒரே சேற்றில் கிடக்கும்போதுதான் சிக்கல்.

சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை நேராக அடியில் அழுத்தி, மேல்வாயைக் காற்றுப் புகாமல் அடைத்து, மெல்ல இழுத்தால் சேறு குலையாமல் உருளையாக ஏறி வரும். உச்சியில் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தோல். வளமான கரைக்கடலில் அது சில மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. அதற்குக் கீழே சாம்பல் நிறம், அதற்கும் கீழே நல்ல கறுப்பு. குழாயை அறுத்துத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். அந்தக் கறுப்புச் சேற்றில் ஒரு பிடியைத் தட்டில் பரப்பி வெளியே வைத்தால் கறுப்பு மெல்ல வெளுத்துச் சாம்பலாகும், பிறகு பழுப்பேறும். ஏதோ காய்ந்து நிறம் மாறுகிறது என்று தோன்றும். நிறத்தை மாற்றுவது காற்றிலுள்ள ஆக்சிஜன்.

சேற்றில் வாழும் பாக்டீரியாக்களுக்கு மேலிருந்து சாப்பாடு விழுகிறது: செத்த மிதவைப் பாசி, இலை தழை, மனிதக் கழிவு. சாப்பிட்டதை எரிக்க மூச்சு வேண்டும். முதலில் தீர்வது ஆக்சிஜன். அது தீர்ந்த ஆழத்தில் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் இனங்கள் வாழ்கின்றன. அதற்குக் கீழே மாங்கனீசை, இரும்பை. கடைசியில் சல்ஃபேட். கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் அதற்குத் தட்டுப்பாடு வருவது அபூர்வம். சல்ஃபேட்டைச் சுவாசித்த பாக்டீரியா வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேர்ந்த இரும்பு சல்ஃபைடுதான் கறுப்பு. பழுப்புத் தோலில் இரும்பு ஆக்சைடு, கறுப்பில் இரும்பு சல்ஃபைடு. இனிச் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டு இரும்புகளைப் பற்றித்தான்.

முதலில் பாஸ்பரஸ். பழுப்புத் தோலின் இரும்பு ஆக்சைடு ஓர் அடகுக்கடைபோல வேலை செய்கிறது. கீழே மக்கிய பொருளிலிருந்து விடுபட்டு மேலே கசியும் பாஸ்பேட்டை அது வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை கடைக்கு ஆபத்தில்லை. ஆக்சிஜன் தீர்ந்தால் பாக்டீரியாக்கள் அந்த இரும்பையே சுவாசிக்கத் தொடங்கிவிடுகின்றன. இரும்பு கரைகிறது, சேர்த்து வைத்த பாஸ்பேட் மொத்தமும் ஒரே மூச்சில் தண்ணீருக்குத் திரும்புகிறது. கிளிஃபர்ட் மார்ட்டிமர் இதை 1941, 1942 ஆண்டுக் கட்டுரைகளில் தெளிவாகக் காட்டினார். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துச் சேற்றையும் நீரையும் தொட்டிகளில் வைத்து, ஒன்றுக்குக் காற்று கிடைக்கவிட்டு, மற்றொன்றுக்குத் தடுத்துப் பார்த்தார். காற்று இல்லாத தொட்டியில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தே மேலே வந்தன.

ஏரியைவிடக் கடலில் நிலைமை மோசம். ஏரியில் ஆக்சிஜன் திரும்பியதும் கரைந்த இரும்பு மறுபடி ஆக்சைடாகி பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். கடலில் சல்ஃபைடு முந்திக்கொண்டு இரும்பைக் கறுப்பாக்கிப் புதைத்துவிடுகிறது. கடையைத் திறக்க ஆள் இல்லை.

இதன் விளைவைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பால்டிக் கடலுக்குப் போக வேண்டும். ஒன்பது நாடுகள் கரையில், சுமார் எட்டரைக் கோடிப் பேர் அதன் வடிநிலத்தில். வெளிக்கடலோடு தொடர்பு டென்மார்க்கை ஒட்டிய குறுகிய, ஆழமற்ற நீரிணைகள் மட்டும். நீர் முழுக்க மாற ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகும். மேலே ஆற்று நீர் கலந்த உப்புக் குறைந்த அடுக்கு, கீழே உப்பு மிகுந்த கனமான அடுக்கு, இரண்டும் கலப்பதில்லை. மேலே காற்றுப்படும் நீரின் ஆக்சிஜன் கீழே இறங்க வழியில்லை. வட கடலிலிருந்து புயல்கள் தள்ளிவிடும் உப்பு நீர் எப்போதாவது ஒருமுறை அடியில் புகுந்தால்தான் உண்டு. 1993, 2003, 2014 ஆண்டுகளில் அப்படிப் பெரிதாகப் புகுந்தது. சில மாதங்கள், மிஞ்சிப்போனால் ஓரிரு ஆண்டுகள் தாங்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயலுக்கு வேதி உரமும் வீட்டுக்குச் சலவைத் தூளும் நகரத்துக்குச் சாக்கடைக் குழாயும் ஒன்றாக வந்தன. பால்டிக்கில் விழுந்த பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஏறின. 1974-இல் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை போட்டார்கள். பனிப்போர்க் காலத்தில் இரு முகாம்களின் நாடுகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டன என்பது சின்ன விஷயம் அல்ல. சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள், சலவைத் தூளிலிருந்து பாஸ்பேட்டை எடுத்தார்கள். 1980-களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் இன்று கடலில் சேரும் பாஸ்பரஸ் பாதிக்கும் கீழே. பணமும் மனமும் சட்டமும் இருந்தால் என்ன செய்ய முடியுமோ, அதை ஓரளவு செய்து காட்டினார்கள்.

கடல் அதற்கேற்பத் திருந்தவில்லை. 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கடந்த 115 ஆண்டில் பால்டிக்கின் ஆக்சிஜன் வறண்ட அடிப்பரப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 60,000-த்துக்கு மேல் பெருகியிருக்கிறது என்று கணக்கிட்டது. குழாயை மூடினாலும் சேற்றிலிருந்து வருகிறது. பாஸ்பேட் மிகும் இடத்தில் நீலப்பச்சைப் பாசிகளுக்குக் கொண்டாட்டம். நைட்ரஜனை அவை காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் அவை பரவிக் கிடப்பது செயற்கைக்கோள் படத்தில் தெரியும். அவை செத்து விழுந்தால் அடியில் மிச்சமிருந்த ஆக்சிஜனும் போகும், இன்னும் இரும்பு கரையும், இன்னும் பாஸ்பேட் வரும்.

ஸ்டாக்ஹோம் அருகே பியோர்னோஃபியார்டன் என்ற சிறு குடாவில் 2012, 2013 ஆண்டுகளில் வேறு வழியை முயன்றார்கள். அடிச்சேற்றில் அலுமினிய உப்பைக் கலந்தார்கள். கலங்கிய குடிநீரில் போடும் படிகாரமும் அலுமினிய உப்புதான். ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாஸ்பேட்டின் மேல் அதன் பிடி தளராது. குடா தெளிந்தது. ஆனால் ஒரு குடாவுக்குச் செய்ததை அறுபதாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் செய்யலாமா என்று கேட்டால், கடலில் அவ்வளவு அலுமினியத்தைக் கொட்ட யார் துணிவார்கள் என்ற கேள்வி உடனே வரும். கேட்பவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் உரச்சத்து என்றால் செய்தியாவது வேறு காட்சி. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ஓர் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. திருவான்மியூர் முதல் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை கூட்டம் கைப்பேசியோடு நின்றது. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கே அதைப் பூங்கோரை என்பார்கள். இரண்டுக்கும் காரணம் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர். இதற்குச் சாக்கடைதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. பருவக்காற்றுக் காலத்தில் அடிநீர் மேலேறிச் சத்தைக் கொண்டுவருவதும் உண்டு. ஆனால் கரையிலிருந்து நாம் சேர்ப்பது அந்தப் பருவக் கணக்கின் மேல் ஏறும் கூடுதல் என்பதில் சந்தேகமில்லை.

இப்போது உலோகம். இங்கே நியாயம் தலைகீழ். ஆக்சிஜன் அற்ற கறுப்புச் சேற்றில் சல்ஃபைடு தாராளமாக இருக்கிறது. காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவை இரும்பை வெளியே தள்ளிவிட்டு அந்தச் சல்ஃபைடோடு சேர்ந்துகொள்கின்றன. அந்தச் சேர்மங்கள் நீரில் கரைவது மிக மிகக் குறைவு. 1990-இல் டொமினிக் டி டோரோவும் சகாக்களும் காட்மியம் கலந்த கடல் சேற்றில் சிறு ஓட்டுடலிகளை விட்டுப் பார்த்தார்கள். சேற்றிலுள்ள சல்ஃபைடின் மோல் எண்ணிக்கை காட்மியத்தைவிட அதிகமாக இருந்தவரை அவை பிழைத்தன. காட்மியம் மிஞ்சியதும் செத்தன. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற மொத்த அளவு மட்டும் நஞ்சின் கதையைச் சொல்லாது என்று அதிலிருந்து தெரிந்தது.

அப்படியானால் நாறும் கறுப்புச் சேறு ஒருவகையில் பாதுகாப்பு. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் உண்மை. அதைக் கிளறினால்தான் வினை. புயல் புரட்டும்போதும், இழுவை மடி உரசும்போதும், கப்பலின் சுழல்விசிறி அடிக்கும்போதும், தூர்வாரும் இயந்திரம் அள்ளும்போதும் சல்ஃபைடு ஆக்சிஜனைச் சந்திக்கிறது. சல்ஃபைடு சல்ஃபேட்டாகிறது, கூட இருந்த காட்மியமும் துத்தநாகமும் கரைந்து வெளியேறுகின்றன. சேற்றுக்குள் வளை தோண்டி வாழும் புழுவும் நண்டும் இதையே சிறு அளவில் அன்றாடம் செய்கின்றன.

பாதரசம் மட்டும் இந்த வரிசையில் நிற்க மறுக்கிறது. சல்ஃபைடு அதையும் பிடிக்கும். ஆனால் சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் அதே பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து மெத்தில் பாதரசம் ஆக்கிவிடுகின்றன. சுவீடனில் சோரன் யென்சனும் ஆர்னே யெர்னெலோவும் 1969-இல் இதை முதலில் காட்டினார்கள். இதைச் செய்யும் இரண்டு மரபணுக்கள் 2013-இல்தான் அடையாளம் காணப்பட்டன. மெத்தில் பாதரசம் உயிருக்குள் போனால் எளிதில் வெளியேறாது. பாசியிலிருந்து சிறுமீன், சிறுமீனிலிருந்து பெருமீன் என்று ஏறி, நீரில் இருந்ததைவிடப் பல லட்சம் மடங்கு செறிந்து தட்டுக்கு வரும். உரச்சத்து மிகுந்து ஆக்சிஜன் வறண்ட சேறு இந்தப் பாக்டீரியாக்களுக்கு வாகான இடம். ஆக, சாக்கடையும் பாதரசமும் தனித்தனித் துறைகளின் கோப்புகளில் கிடக்கலாம். சேற்றில் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

பாதரசம் என்றதும் மினமாட்டா பெயர் வராமல் இருக்காது. அங்கே நடந்ததைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது: ஆலை பாதரசத்தைக் கொட்டியது, குடாவின் பாக்டீரியாக்கள் அதை நஞ்சாக்கின என்று. ஜப்பானின் கியூஷூ தீவில் இருந்த சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. பாதரச சல்ஃபேட் அதில் கிரியா ஊக்கி. மெத்தில் பாதரசம் ஆலையின் கலத்துக்குள்ளேயே உண்டாகி, முழு நஞ்சாகவே வடிகால் வழியே இறங்கியது. பாக்டீரியாக்களின் மேல் பழியைப் போட இடமில்லை. 1956 மே 1 அன்று ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுவதை அரசுக்குத் தெரிவிக்கச் செய்தார். 1958-இல் ஆலை, கழிவு வாயை ஹியாக்கென் துறையிலிருந்து மினமாட்டா ஆற்று வாய்க்கு மாற்றியது. குடாவுக்குள் இருந்த நோய் ஷிரானுயி கடலோரம் முழுக்கப் பரவியது. கடல் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கையின் விலை அது. ஆலையின் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில்; அந்தத் தயாரிப்பு அதற்குச் சில மாதம் முன்பே நின்றுவிட்டிருந்தது.

உற்பத்தி நின்றது, சேறு இருந்தது. ஹியாக்கென் வடிகால் அருகே 1959-இல் எடுத்த சேற்றில் பாதரசம் பத்து லட்சத்தில் 2,010 பங்கு. மாசு படாத கடல் சேற்றில் இது ஒரு பங்கின் பத்தில் ஒன்றைக்கூடப் பெரும்பாலும் தொடாது. 1977-இல் தூர்வாரத் தொடங்கியதும் கரையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் நீதிமன்றம் போனார்கள்: கிளறினால் மறுபடி கலக்கும், மறுபடி மீனில் ஏறும் என்பது அவர்கள் வாதம். முட்டுக்கட்டை என்று அதை ஒதுக்கிவிட முடியாது; மேலே சொன்ன வேதியியலை அவர்கள் உடம்பால் படித்திருந்தார்கள். வேலை 1980 வரை நின்றது. பிறகு, சேற்றை வெட்டிக் கிளறாமல் உறிஞ்சி மட்டும் எடுக்கும் இயந்திரங்களால் நடந்தது. குடாவின் உள்பகுதியை எஃகுச் சுவரால் அடைத்து, மற்ற இடத்துச் சேற்றை அதற்குள் இறைத்து, மேலே தடுப்பு விரித்து, நல்ல மண் போட்டு மூடினார்கள். 1990-இல் முடிந்தபோது சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு உள்ளே. மேலே 58 ஹெக்டேர் புது நிலம். செலவு சுமார் 4,850 கோடி யென். குடாவின் மீன் வெளியே போகாதிருக்க 1974-இல் கட்டிய வலை 1997-இல்தான் அவிழ்ந்தது.

எந்தச் சேற்றை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு அவர்கள் வைத்த கோடு பத்து லட்சத்தில் 25 பங்கு. ஓதத்தின் உயரம், சேற்றிலிருந்து பாதரசம் கரையும் விகிதம், பாதுகாப்புக் காரணி ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு வந்த எண். அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவா பயன்படுத்தும் அளவுகோலில் 0.71 பங்கைத் தாண்டினாலே உயிர்களுக்குக் கேடு அடிக்கடி தென்படும் என்று பொருள். இரண்டுக்கும் இடையே முப்பத்தைந்து மடங்கு. ஒன்று எவ்வளவு எடுக்க முடியும் என்பதிலிருந்தும் பிறக்கிறது, மற்றது எவ்வளவு இருக்கலாம் என்பதிலிருந்து. வரம்பு என்ற பேரில் அச்சாகும் எண்ணைப் பார்க்கும்போது அது எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எது இயற்கையாக இருந்தது, எது நாம் போட்டது என்று பிரித்துச் சொல்லவும் சேற்றுக் குழாயே உதவுகிறது. அதைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அறுத்தால் கீழே பழையது, மேலே புதியது. காற்றிலிருந்து படியும் ஈயம்-210 என்ற கதிரியக்க வகையின் அரைவாழ்வு சுமார் 22 ஆண்டு. அடுக்குக்கு அடுக்கு அது தேய்வதை அளந்தால் ஏறக்குறைய நூறாண்டு வரை வயது சொல்லலாம். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 உச்சம் 1963-ஐக் காட்டிக்கொடுக்கும். பெட்ரோலில் ஈயம் கலந்த காலம் உலகின் பல துறைமுகச் சேற்றில் ஒரு புடைப்பாகப் பதிந்திருக்கிறது. இந்தியா அதை 2000-இல் நிறுத்தியது. களிமண் கூடிய அடுக்கில் உலோகமும் இயல்பாகவே கூடும் என்பதால், அலுமினியத்தோடு வகுத்துப் பார்ப்பது வழக்கம். களிமண்ணின் அளவை அலுமினியம் சொல்லிவிடும். இப்படி வகுக்காமல் 'உலோகம் இத்தனை மடங்கு' என்று அலறும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. மணல் உள்ள இடத்தையும் சேறு உள்ள இடத்தையும் ஒப்பிட்டுவிட்டு மாசு என்று எழுதிவிடுகிறார்கள்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம். வடக்கே உப்பங்கழி பழவேற்காடு வரை போகிறது. தெற்கே பக்கிங்காம் கால்வாய் மணலியின் ஆலைப் பகுதியிலிருந்தும் நகரத்துச் சாக்கடையிலிருந்தும் வருகிறது. 1970 முதல் 2017 வரை ஓடிய எண்ணூர் அனல் மின் நிலையம், 1990-களில் வந்த வடசென்னை அனல் மின் நிலையம், 2001-இல் திறந்த துறைமுகம் எல்லாம் இந்தக் கழியைச் சுற்றி. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழம்புக் குழாய்கள் உடைந்து கழியில் சாம்பல் படிந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு.

சாம்பல் என்றால் வெறும் தூசி என்று தோன்றலாம். நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். நூறு கிலோ கரியில் இருந்த ஆர்சனிக், ஈயம், குரோமியத்தில் பெரும்பகுதி எரிந்த பின் முப்பத்தைந்து, நாற்பது கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. பாதரசத்தில் பெரும்பகுதி ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகும். பாஸ்பேட் உரத்துக்கு மூலமான பாறையிலும் காட்மியம் உண்டு. பயிருக்குச் சத்தும் சேற்றுக்கு உலோகமும் ஒரே மூட்டையில் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையிலிருந்து அதற்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம்.

இந்தக் கழியின் அடிச்சேற்றோடு நேரடியாகப் பழகுபவர்கள் கையால் இறால் பிடிப்பவர்கள். இருளர் பெண்கள் பலர் கழுத்தளவு நீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்துகொண்டே இரு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். விரலுக்கு இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, பனையோலைப் பறியில் போடுவார்கள். பறியின் கயிறு பல்லில் கவ்வியிருக்கும். சேறு மெத்தென்று இருந்தால்தான் இறால் பதுங்கும். சாம்பல் படிந்தால் அடி இறுகிப்போகிறது. தடவினால் கையில் இறால் இல்லை, நறநறப்புத்தான். எந்த ஆய்வுத் தாளைவிடவும் முன்னதாக இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கோடையில் ஆறு வற்றுகிறது, கரையோர மணல் நகர்ந்து முகத்துவாரத்தை அடைக்கிறது. ஏற்றமும் வற்றமும் உள்ளே எட்டாது. சாக்கடையின் சத்தும் மின் நிலையத்தின் வெந்நீரும் தேங்கினால் அடியில் ஆக்சிஜன் தீரும். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. பாஸ்பேட் மேலே வரும், உலோகம் சல்ஃபைடில் உறங்கும், பாதரசம் இருந்தால் அதன் வேலை நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் முகத்துவாரம் உடையும், சேறு புரளும், ஆக்சிஜன் புகும். இப்போது உலோகத்தின் முறை. ஆக எந்த மாதம் மாதிரி எடுத்தாலும் ஏதோ ஒன்று 'வரம்புக்குள்' என்று வரும். வைகாசியில் எடுத்த உலோக எண்ணும் மார்கழியில் எடுத்த பாஸ்பேட் எண்ணும் சேர்ந்து ஒரு தவறான நிம்மதியைத் தந்துவிடக் கூடும்.

கழியைத் தூர்வாரி மீட்க வேண்டும் என்ற கோரிக்கை மீனவர்களிடமிருந்து வெகுகாலமாக இருக்கிறது, அது நியாயமானது. முகத்துவாரத்தில் சேர்ந்த மணலை எடுப்பதில் வேதியியல் தொல்லை அதிகம் இல்லை. மணலில் உலோகம் தங்காது, ஓதம் உள்ளே வர வழி கிடைக்கும். உள்கழியின் கறுப்புச் சேறும் சாம்பல் படிவும் வேறு கதை. அங்கே முதலில் குழாய்வழி வரும் கழிவு நிற்க வேண்டும். பிறகு சேற்றுக் குழாய் இறக்கி, அடுக்கடுக்காக உலோகத்தையும் சல்ஃபைடையும் சேர்த்து அளக்க வேண்டும். தண்ணீர்த் தாளை வைத்துக்கொண்டு பொக்லைனை இறக்கக் கூடாது. இறால் குஞ்சுகள் உள்ளே ஏறும் பருவத்தைத் தவிர்க்க வேண்டும். எந்தப் பருவம் என்பதைக் கையால் தடவிப் பிடிப்பவர்களிடமே கேட்கலாம்.

வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதுதான் நம் கால்வாய்களில் பார்த்துப் பழகிய வழக்கம். வெயிலில் கிடக்கும் அந்தக் குவியலில் சல்ஃபைடு ஆக்சிஜனைச் சந்தித்துக் கந்தக அமிலமாகிறது. அமிலத்தில் உலோகம் கரைகிறது. முதல் மழை அதை வாரிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. முன்பு சேற்றோடு ஒட்டிக் கிடந்தது, இப்போது கரைந்து வருகிறது. மினமாட்டாவில் சேற்றைப் போட எஃகுச் சுவர் கட்டி, அந்தச் சுவர் துருப்பிடிக்கிறதா என்று இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எண்ணூரில் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் சாம்பல் குளம், நடுவே குப்பங்கள். வாரியதை எங்கே வைப்பது, எத்தனை ஆண்டு யார் காவல் இருப்பது என்பதற்குத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் லாரி ஓட்டுநர் இடம் தேடும் வேலையாக அது விடப்படக் கூடாது.